தூத்துக்குடியில் பேக்கனும் தக்காளியும் தேடி ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சாண்ட்விச்சுக்காக சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போனேன். தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் மக்ரூன் வாங்கப் போவார்கள், பனிமய மாதா கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் கடற்கரையில் முத்து விற்பார்கள் என்று நினைத்துப் போய் ஏமாறுவார்கள். பேக்கன் சாண்ட்விச் தேடிப் போனதாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் இணையத்தில் ஒரு மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனவே, அடுத்துத் தேடப் போகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு.

பேக்கன் என்றால் என்னவென்று எனக்கே இரண்டு மாதம் முன்பு வரை சரியாகத் தெரியாது. பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, ரிப்பன் போல மெல்லிசாகச் சீவி விற்பார்கள். அதைப் பொரித்து, பச்சைத் தக்காளித் துண்டுகளோடு (காயைச் சொல்லவில்லை, வதக்காத பழத்தைச் சொல்கிறேன்) ரொட்டிக்குள் வைத்தால் முடிந்தது. வேறு ஒன்றும் கிடையாது. இவ்வளவு எளிதான ஒரு பொருள் என்னை எப்படி இந்தப் பாடு படுத்தியது என்பதுதான் புரியவில்லை.

நான் சென்னையில், கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்கள் தயாரிக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஹெலன் இங்கிலாந்தில் இருக்கிறார். திங்கட்கிழமை வீடியோ கூட்டத்தில் வேலைப் பேச்சுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு சொந்த விஷயம் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். என் வாரத்திலேயே மிக நீளமான ஐந்து நிமிடம் அதுதான். இரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை கேட்ட கேள்வி, உங்களுக்குப் பிடித்த சின்னச் சந்தோஷம் எது என்பது. ஹெலன் தன்னுடையதை முதலில் சொன்னார். மொறுமொறு பேக்கனும், அப்போதுதான் நறுக்கிய தக்காளியும் வைத்த சாண்ட்விச். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் சின்னப் பலசரக்குக் கடை. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் கண்டுபிடித்த வழி இது: ஒன்று தெரியாது என்று சொன்னால் எல்லாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள், தலையாட்டினால் பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். ஆறு வருடமாக அது தவறியதில்லை. அன்று தவறியது. நான் கொஞ்சம் கூடுதலாக ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. “கனி, நீ சாப்பிட்டிருக்கிறாயா?” என்று ஹெலன் கேட்டார். சாப்பிட்டிருக்கிறேன், எங்கள் ஊர்ப்பக்கம் தூத்துக்குடி என்று ஒரு துறைமுகம் இருக்கிறது, அங்கே ஒரு நல்ல கடை உண்டு என்றேன். வாயைத் திறக்கும்போது இதைச் சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, ஹெலன் இந்தியா வருகிறார், தூத்துக்குடித் துறைமுகத்தையும் பார்க்கிறார் என்று மின்னஞ்சல் வந்தது. எங்கள் குழுத் தலைவர் கார்த்திக் பயணத் திட்டம் ஒன்று தயாரித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி: “வியாழன், மதியம் 12.30, கனி சொன்ன பேக்கன் கடை. ஐந்து பேர்.” அதைப் படித்தது வெள்ளிக்கிழமை, ஊருக்கு வரும் ரயிலில். வியாழனுக்குள் அப்படி ஒரு கடையைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது இல்லாத கடையைச் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை 7.40க்குச் சாத்தான்குளத்தில் பஸ் ஏறினேன். நாசரேத், குரும்பூர், ஆத்தூர் வழி. 58 கிலோமீட்டர், டிக்கெட் 50 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். காலையில் போகிறவர்கள் இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் வெயில் அடிக்கும். நாசரேத்தில் பள்ளிக்கூட டீச்சர்கள் ஏறி இறங்குகிற வரை நிற்க இடம் இருக்காது. முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி வரும். பழையகாயல் தாண்டியதும் உப்பளங்கள். உப்பைக் குவித்து ஓலையால் மூடி வைத்திருந்தார்கள். பேக்கனுக்கும் உப்புத்தான் போடுகிறார்கள், எனவே இந்த ஊரில் நிச்சயம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைக்கு என்ன பொருள் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கிரேட் காட்டன் ரோட்டில் இருக்கிற பேக்கரிகளில் ஆரம்பித்தேன். முதல் கடையில் நல்ல கூட்டம். சாண்ட்விச் இருக்கிறதா என்றேன். வெஜ், முட்டை, சிக்கன் மூன்றும் உண்டு என்றார் கடைக்காரர். பேக்கன் என்றேன். அது என்ன கறி என்று கேட்டார். பக்கத்தில் கேக் வாங்க நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. மெதுவாகச் சொன்னேன்.

“பன்னிக்கறியா? ரொட்டிக்குள்ள வச்சா?” அவர் மெதுவாகச் சொல்லவில்லை. “இங்கன யாரும் அப்படிக் கேக்க மாட்டாவளேம்மா.”

வெறுங்கையோடு இறங்கக் கூச்சமாக இருந்ததால் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். அடுத்த கடையில் இரண்டு முட்டை பப்ஸ். மூன்றாவது கடையில் ஒரு தேங்காய் பன். கையில் மூன்று பொட்டலம் சேர்ந்தது, பேக்கன் மட்டும் இல்லை. மணி பத்தே முக்கால்.

மூன்றாவது கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம்தான் கடைசியில் கேட்டேன். பொட்டலங்களைப் பார்த்துவிட்டு அவர், “இதெல்லாம் பத்தாதாம்மா?” என்றார். நான் விளக்கமாகச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். “அது வெள்ளைக்காரன் திங்குததுல்லா. கப்பலுக்குச் சாமான் குடுக்குற கடையில கேளுங்க. பீச் ரோட்டுப் பக்கம் ரெண்டு மூணு இருக்கு. ஏறுங்க, எம்பது ரூவா.” அறுபதுக்கு வந்திருப்பார் என்று, பிறகு கடையில் சந்தித்த ரெஜினா அக்கா சொன்னார். எனக்குப் பேரம் பேச வராது.

கப்பலுக்குச் சாமான் கொடுக்கிற கடை நம் ஊர்க் கடை மாதிரி இருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் எதுவும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். உள்ளே ஒரு மேசை, பின்னால் ஒரு குளிர் அறை, சுவரில் நங்கூரம் போட்ட நாட்காட்டி. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, கறி, காய்கறி, சோப்பு, கயிறு எல்லாம் இவர்கள்தான் ஏற்றி விடுகிறார்கள். மேசையில் இருந்த அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமல், “பேக்கனா? எத்தன பெட்டி?” என்றார்.

அவர் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொன்னதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு சாண்ட்விச்சுக்கு அண்ணாச்சி” என்றேன்.

இப்போது நிமிர்ந்தார். “எந்தக் கப்பல்?”

“கப்பல் இல்ல அண்ணாச்சி. பஸ்ஸுல வந்தேன்.”

பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவர்தான் ரெஜினா. வயது முப்பத்தைந்து இருக்கும். அங்கே ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். கணவர் சரக்குக் கப்பலில் வேலையாக இருப்பதால் பாதி வருடம் தனியாகத்தான் இருக்கிறார். சில்லறைக்குக் கொடுப்பதில்லை என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல, ரெஜினா அக்கா எழுந்து வந்து, “அந்தக் கொரியாக் கப்பல்காரன் ஒரு பாக்கெட்டைக் கொறச்சான்லா அண்ணாச்சி, அத இந்தப் பிள்ளைக்குக் குடுத்துருவோம்” என்றார். அரைக் கிலோ பாக்கெட், கல் மாதிரி உறைந்திருந்தது. 640 ரூபாய்.

“ஏளா, இத எங்கன வச்சுப் பொரிப்ப?” என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. சமைத்து வைத்திருக்கிற கடையைத் தேடி வந்தவளுக்கு, பாக்கெட் கையில் வந்ததும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுப்பில் இந்தக் கறி ஏறாது, அம்மா அனுமதிக்க மாட்டார்.

“பஸ்ஸுலயா பொரிப்ப?” என்றார் அக்கா. “ஒரு மணிக்குக் கடை அடைப்பாவ, மூணு மணிக்குத்தான் தொறப்பு. எங்க குசினிக்கு வா. எனக்கும் பாக்கணும்.”

அங்கே கடற்கரைக் குடும்பங்களில் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு மணி வரை கடையிலேயே காத்திருந்து அவரோடு கிளம்பினேன். கோயிலுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி வீடு. நடந்து போகும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அன்று காலையில் சந்தித்த ஒருவரிடம் அவ்வளவையும் எப்படிச் சொன்னேனோ.

“சாப்பிட்டதில்லன்னு சொன்னா அந்தம்மா என்ன, சீட்டக் கிழிச்சிருவாவளா?”

“இல்லக்கா.”

“பெறகு?”

நான் பொட்டலங்களைக் கை மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். “சரி விடு. நானும் ஒம்பது வருஷமாப் பெட்டி பெட்டியா ஏத்தி விடுதேன். வாயில வச்சதில்ல. எப்படி இருக்கும்னு கேட்டா நானும் நல்லாருக்கும்னுதான் சொல்லுவேன்.”

வீட்டுக்குப் போனதும், “நீ கறியக் கழுவி வையி, நான் ரொட்டியும் தக்காளியும் வாங்கிட்டு வாரேன்” என்று அக்கா கிளம்பினார். பாக்கெட் அதற்குள் இளகியிருந்தது. பிரித்தேன். புகை வாடை குப்பென்று வந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். ஒன்றோடொன்று ஒட்டிய துண்டுகளைக் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, சட்டியில் போட்டு, மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டுப் பிசறி, வீட்டில் ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் எப்படிச் செய்வோமோ அப்படியே கழுவினேன். மூன்று தண்ணீர். வாடை போகவில்லை என்று நாலாவது தண்ணீரும். பாதியைக் கழுவிப் பாதியை வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. முழுப் பாக்கெட்டும் போயிற்று.

அக்கா வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். “நல்லாக் கழுவுனியா?”

“நாலு தண்ணிக்கா.”

“அது சரி” என்று திருப்தியாகச் சொன்னார்.

எண்ணெய் ஊற்றிப் பொரிக்கப் போட்டதும் அடுப்பங்கரை முழுக்கத் தெறித்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் மூடி போட்டோம். மூடியைத் திறந்தபோது பேக்கன் மஞ்சளாக, துவண்டு, வேகவைத்த பனங்கிழங்குத் தோல் மாதிரி கிடந்தது. மொறுமொறுப்பு எந்த நிமிடத்தில் வரும் என்று இருவருக்கும் தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் வைத்தோம். வரவில்லை.

தக்காளியை அக்கா வதக்கப் பார்த்தார். வதக்கக் கூடாது, அப்படியே வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அன்று நான் உறுதியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். நாட்டுத் தக்காளி, கிலோ 30 ரூபாய், நல்ல சிவப்பு. வட்ட வட்டமாக நறுக்கி உப்புத் தூவினோம். ரொட்டி, தக்காளி, பேக்கன், மறுபடி ரொட்டி. மணி 1.50.

முதல் கடியில் தக்காளிச் சாறு முழங்கை வரை ஓடியது. புளிப்பு, பிறகு கறியின் உப்பு, அதற்குள்ளே கொஞ்சம் இனிப்பும் புகையும், கடைசியில் மஞ்சள். ரொட்டி எல்லாவற்றையும் உறிஞ்சி மெத்தென்று இருந்தது. பிடித்ததா என்றால் பிடித்தது. இதுதான் ஹெலன் சொன்னதா என்றால் தெரியவில்லை. ஒன்று சாப்பிட்டு முடித்ததும் கை தானாக அடுத்ததற்குப் போனது, அது சந்தோஷத்தாலா பசியாலா என்றும் தெரியவில்லை.

“நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்துல தக்காளி வச்சாப்ல இருக்கு” என்றார் ரெஜினா அக்கா. வாய் நிறைய வைத்துக்கொண்டு, “இதுக்குப் போயா இத்தன கப்பல் நிக்கி” என்றும் சொன்னார். அவரும் இரண்டாவதை எடுத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் ஒரு படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினார். கப்பலில் அன்று இணையம் கிடைத்தது போல, பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. பிறகு, “ஏளா ரெஜி, பேக்கன யாரு கழுவச் சொன்னா? அது சுத்தம் பண்ணித்தான வருது. தண்ணியே காட்டக் கூடாது, எண்ணெயும் ஊத்தக் கூடாது. மஞ்சளு வேறயா? எங்க குக்குகிட்டக் காட்டுனேன், மனுசன் நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்துட்டான்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். “நாப்பது பேரு தொட்ட கறிய எப்படிளா கழுவாமப் போடுறது?” என்றார்.

அவர் மறுபடி கடைக்குப் போனார். நான் 3.15க்குப் பஸ் ஏறினேன். மக்ரூனையும் பப்ஸையும் அவர் வீட்டிலேயே வைத்துவிட்டேன், பன்னை மட்டும் கொண்டு வந்தேன். பழையகாயல் வருவதற்குள் ஹெலனுக்குச் செய்தி எழுதி நான்கு முறை அழித்தேன். ஐந்தாவது முறை முக்காணிப் பாலத்தில் அனுப்பினேன். அன்று பொய் சொன்னேன், அப்படி ஒரு கடை இல்லை, பேக்கன் சாண்ட்விச்சை என் வாழ்நாளில் முதல்முறையாக இன்று மதியம் 1.50க்குச் சாப்பிட்டேன், அதையும் மஞ்சள் போட்டுக் கழுவி. அவ்வளவுதான். அனுப்பியதும் போனைப் பைக்குள் போட்டு, பன்னை எடுத்துச் சாப்பிட்டேன்.

நாசரேத்தில் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி என்றிருந்தது. வியாழக்கிழமைத் திட்டத்தை மாற்ற வேண்டாம், அந்த ரெஜினாவுக்குத் தொந்தரவு இல்லையென்றால் அவர் வீட்டிலேயே தானே சமைத்துத் தருவதாக ஹெலன் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: “ஏன் கழுவினாய்?” சாத்தான்குளம் வரை அதற்கு ஆங்கிலத்தில் பதில் யோசித்தேன். அது கறி என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை அந்தக் குசினியில் ஆறு பேர் நின்றோம். அக்கா கடையிலிருந்து கொண்டு வந்திருந்த புதுப் பாக்கெட்டை ஹெலன் பிரித்து, துண்டுகளை அப்படியே காய்ந்த கல்லில் போட்டார். தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை. “கழுவாமலே போடுதாவ பாரு” என்று ரெஜினா அக்கா என் காதில் சொன்னார். கறி தன் கொழுப்பிலேயே சுருண்டு பொரிந்தது. எல்லாருக்கும் ஆளுக்கொரு சாண்ட்விச் வந்தது. கார்த்திக் மட்டும் வெறும் தக்காளியை வைத்துத் தரச் சொன்னார். அவர் சைவம். அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் தலையாட்டியது அவர்தான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எப்படி இருக்கிறது என்று ஹெலன் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் தலையும் கிளம்பியது. பிடித்து நிறுத்தினேன்.

“மொறுமொறுப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குச் சனிக்கிழமை சாப்பிட்டதுதான் பிடித்தது” என்றேன்.

கார்த்திக் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வருடச் சம்பள உயர்வு போய்க்கொண்டிருந்தது. ஹெலன் மென்று விழுங்கிவிட்டு ரெஜினா அக்காவைப் பார்த்து, அந்த மஞ்சள் டப்பா எங்கே என்று கேட்டார். இன்னும் ஆறு துண்டு மீதி இருந்தது. ஹெலன் சட்டியைப் பிடித்துக்கொள்ள, அக்கா கழுவிக் காட்டிப் பொரித்தார். ஹெலன் அதையும் சாப்பிட்டு முடித்தார். தனக்கு முதலில் செய்ததுதான் பிடித்தது என்றார். பரவாயில்லை என்றேன். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று அதைத் தெரிந்துகொள்ளாமலே வீட்டுக்கு வர முடிந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: தூத்துக்குடியில் பேக்கன் சாண்ட்விச் விற்கிற கடை நான் தேடிய வரையில் இல்லை. கப்பலுக்குச் சாமான் கொடுக்கிற கடைகளில் ஒரு பாக்கெட் கேட்டுப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். எந்தக் கப்பல் என்று கேட்டால் பதறாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பீச் ரோட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய்தான். தக்காளி நாட்டுத் தக்காளியாக இருக்கட்டும், வதக்காதீர்கள். பேக்கனைக் கழுவத் தேவையில்லை. கழுவாமல் மனது கேட்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், மஞ்சள் தூள் கால் ஸ்பூன் போதும். நான் ஒன்றரை ஸ்பூன் போட்டிருந்தேன்.